கார்பெட்டுக்கு அடியில் தங்கும் தண்ணீர்

ஆரம்பாக்கத்தில் நெடுஞ்சாலையோரம் இருக்கும் அந்தப் பட்டறையில், கார்களைவிட அவற்றின் சீட்டுகள்தான் முதலில் கண்ணில் படுகின்றன. தகரக் கூரையின் கீழே வரிசையாகச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். சென்னையிலிருந்து கொல்கத்தா போகும் சாலையில் தமிழ்நாடு முடிகிற இடம் இது. இன்னும் கொஞ்சம் வடக்கே போனால் தடா, ஆந்திரம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கும் ஸ்ரீசிட்டிக்கும் ஷிப்டு ஆட்களை ஏற்றிப்போகும் வாடகை வண்டிகள் இரவு பகலாக இந்த வழியே ஓடுகின்றன.

நான் போனபோது உள்ளே நின்றதும் அப்படி ஒரு வண்டிதான். பின்சீட்டின் கால் வைக்கும் இடத்தில் இருந்த 20 லிட்டர் தண்ணீர் கேன் வேகத்தடையில் கவிழ்ந்து மூடி திறந்துகொண்டதாம். ஓட்டுநர் துண்டு போட்டுத் துடைத்திருக்கிறார், கண்ணாடிகளை இறக்கி வெயிலில் நிறுத்தியிருக்கிறார். தொட்டுப் பார்த்தால் காய்ந்துதான் இருந்தது. ஆனால் சில நாளில் வண்டிக்குள் முடை நாற்றம் கிளம்பிவிட்டது. ஏறுகிற பெண்கள் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டார்கள்.

மேஸ்திரி வெள்ளை பனியன் வேஸ்ட்டை நாலாக மடித்துக் கார்பெட்டின் மேல் வைத்து, முட்டியால் அழுத்தினார். எடுத்துக் காட்டினார். துணி நனைந்து பழுப்பேறியிருந்தது.

"மேல காஞ்சிடும் சார். கீழ குளம் மாதிரி நிக்கும். நம்ம வேலையே கீழதான்."

காரில் நாம் கால் வைக்கும் கார்பெட் மெல்லிய பாலியெஸ்டர் இழைதான். சத்தத்தையும் சூட்டையும் தடுப்பதற்காக அதன் அடியில் கனமாக ஃபெல்ட்டோ ஃபோமோ ஒட்டியிருக்கும். தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்வது இந்த அடிப்பஞ்சு. அதற்கும் கீழே தகரம். மேலிருந்து எவ்வளவு துடைத்தாலும் பஞ்சுக்குக் காற்றுப் போக வழியில்லை. ஈரம் அப்படியே நின்றால் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூசணம் பிடிக்கத் தொடங்கிவிடும். அந்த நேரத்தில்தான் பெரும்பாலோர் வாசனைப் புட்டி வாங்கி டேஷ்போர்டில் வைக்கிறார்கள். அந்தப் புட்டிகளைக் கண்டாலே மேஸ்திரிக்குக் கோபம் வருகிறது. நாற்றம்தான் வண்டி கொடுக்கும் எச்சரிக்கை, அதை மூடி வைத்தால் தகரம் துருப்பிடித்த பிறகே தெரியும் என்கிறார். அவர் சொல்வதுதான் சரி.

சீட்டைக் கழற்றுவதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் கம்பியை எடுத்துவிட்டுச் சில நிமிடம் சும்மா இருந்தார்கள். முன்சீட்டுக்கு அடியில் இருக்கும் மஞ்சள் கப்ளர் ஏர்பேக்குக்குப் போவது. மின்சாரம் முழுக்க அடங்காமல் அதில் கை வைக்கக் கூடாது. பிறகு சீட்டு போல்ட்டுகள், வாசற்படி பிளாஸ்டிக், பெல்ட்டின் கீழ் போல்ட், நடுவில் இருக்கும் கன்சோல். பிளாஸ்டிக் கிளிப்பை எங்கே நெம்பினால் உடையாமல் வரும் என்பது அங்கே உதவிக்கு இருக்கும் பையனின் விரல்களுக்குத் தெரிந்திருக்கிறது. பத்தொன்பது இருபது வயதிருக்கும். ஒரு கிளிப்பைக்கூட அவன் உடைக்கவில்லை.

கார்பெட்டைத் தூக்கியதும் தகரத்தின் பள்ளத்தில் தண்ணீர் மினுங்கியது. தரையில் இருந்த ரப்பர் மூடிகளைப் பிடுங்கி வடியவிட்டார்கள். ஓரமாக ஓடும் வயர்க் கட்டை மேஸ்திரி கப்ளர் கப்ளராகக் கழற்றி, பச்சை பூத்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் அவர் எதையும் காயவைப்பதில்லை. இந்த வண்டியில் கேன். முன்பக்கம் இடது கால் வைக்கும் இடம் மட்டும் நனைந்தால் பெரும்பாலும் ஏசி டிரெயின் பைப் அடைத்திருக்கும். விரலில் வழவழப்பும் இனிப்பு வாடையும் தெரிந்தால் ஹீட்டரிலிருந்து கூலன்ட் கசிகிறது. கசிவை நிறுத்தாமல் காயவைத்தால் அடுத்த வாரமே வண்டி திரும்பி வந்து நிற்கும்.

இந்த ஊருக்கென்றே ஒரு தொல்லை உண்டு. பழவேற்காட்டில் இறாலும் நண்டும் வாங்கி, ஐஸ் போட்ட பெட்டியை டிக்கியில் வைத்து வருவார்கள். ஐஸ் உருகி மீன் தண்ணீர் கார்பெட்டில் இறங்கிவிடும். கவுச்சியைவிட அதிலுள்ள உப்புதான் பெரிய சிக்கல். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கசியும். ஏரியும் கடலும் பக்கத்தில் இருக்கும் ஊரில் அந்த அளவைத் தாண்டாத இரவு குறைவு. ஆகவே இப்படி நனைந்த கார்பெட்டை முதலில் நல்ல தண்ணீரில் திரும்பத் திரும்ப அலசுகிறார்கள். ஈரத்தைப் போக்க மேலும் நனைக்க வேண்டியிருக்கிறது.

வேக்கம் போட்டு உறிஞ்சிய பிறகு, பஞ்சுப் பக்கம் மேலாக வெயிலில் விரிக்கிறார்கள். ஹீட் கன்னை மேஸ்திரி தொடவிடுவதில்லை. சூடு கூடினால் இழை உருகிச் சுருங்கிவிடும், அச்சில் வார்த்த கார்பெட் மறுபடி தரையில் படியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வெயிலும் இல்லை, காற்றும் ஈரம். அப்போது பெரிய ஃபேன்தான். வண்டிக்குள் மிச்சமிருக்கும் ஈரத்துக்குக் கண்ணாடிகளை ஏற்றி ஏசியை ஓட விடுகிறார்கள். உள்ளே இருக்கும் ஈரம் கூலிங் காயிலில் படிந்து வண்டிக்கு அடியில் சொட்டிப் போய்விடுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் சென்னையில் கார்கள் மூழ்கியபோது இவர் அங்கே ஒரு பட்டறையில் இருந்தார். கழிவுநீர் கலந்த வெள்ளத்தில் ஊறிய அடிப்பஞ்சைக் காயவைக்கவே பார்க்கவில்லையாம். வெட்டி எறிந்துவிட்டுப் புதிது போட்டார்களாம்.

பூசணம் பிடித்த பஞ்சைப் பையன் வெறும் கையால் சுரண்டிக்கொண்டிருந்தான். முகத்தில் ஒன்றும் கட்டியிருக்கவில்லை. அந்தத் தூசு நுரையீரலுக்குள் போகிறது. ஒரு மாஸ்க்கும் ரப்பர் கையுறையும் வாங்கிக் கொடுப்பதற்குப் பட்டறைகள் கணக்குப் பார்க்கக் கூடாது என்று மேஸ்திரியிடமே சொன்னேன். "வாங்கித் தந்தா போட மாட்டேங்கறான் சார், வேர்க்குதுன்றான்" என்றார். பிறகு அவரே, "நான் போட்டாதான் அவனும் போடுவான்" என்றார்.

சாயங்காலம் ஓட்டுநர் வந்தார். "அண்ணே, இன்னிக்கு நைட் ஷிப்டுக்கு வண்டி வேணும். விட்டா ஒருநாள் காசு போயிடும்." மேஸ்திரி தரவில்லை. கண்ணாடிகளை ஏற்றி இரவு முழுக்க மூடி வைத்து, காலையில் கண்ணாடியின் உட்பக்கம் பனித்திருக்கிறதா என்று பார்த்தால்தான் அவருக்கு மனசு ஆறும். "இன்னிக்குக் கொடுத்தா மறுபடி நாறும் தம்பி. அப்போ ரெண்டு நாள் காசு போகும்." ஓட்டுநர் அரைமனதோடு தலையாட்டினார். அந்தக் கேன் ஷிப்டு ஆட்கள் குடிப்பதற்காக வண்டியில் ஏற்றியது. அது கொட்டிய செலவும் ஓடாமல் நின்ற நாளின் வருமானமும் ஓட்டுநர் தலையில்தான் விழுகின்றன. ஆள் ஏற்ற வண்டி பேசுகிற ஒப்பந்தத்திலேயே இதற்கு ஒரு வரி இருக்க வேண்டும். மேஸ்திரி தன்னால் ஆனது என்று கூலியில் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். இனிமேல் கேனை டிக்கியில் நிற்க வைத்துக் கயிற்றால் கட்டச் சொல்லி, கட்டும் விதத்தையும் காட்டிக் கொடுத்தார்.