யந்திரத்தின் காய்ச்சல்

மோட்டார் வண்டியின் யந்திரம் அளவிறந்து சூடாதல் நோயன்று. நோயின் குறியே ஆகும். காய்ச்சலின் காரணம் அறியாது மருந்தளித்தல் எங்ஙனம் தகாதோ, அங்ஙனமே காரணம் அறியாது யந்திரத்தைப் பிரித்தலும் தகாது. ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் மருத்துவனுக்கு வகுத்த முறை மோட்டாருக்கும் பொருந்துவதை எம் இல்லத்திலேயே கண்டோம்.

எம் தந்தையார் வாடகை மோட்டார் ஓட்டிக் குடும்பத்தைப் புரப்பவர். சென்ற கோடையில் அவ்வண்டி கடைவீதி நெரிசலில் நின்றவிடத்தெல்லாம் கொதித்தது. பட்டறையார் ஒருவர், யந்திரத்தின் தலைப்பாகத்தைக் கழற்றி ஹெட் காஸ்கெட்டை மாற்றவேண்டும் என்றார். அவர் கேட்ட தொகை எம் கல்லூரிக் கட்டணத்திற்கென வைத்த பணத்தை முற்றும் விழுங்குவதாயிருந்தது. “வண்டி நின்றால் அடுப்பும் நின்றுவிடும், கொடுத்துவிடுவோம்” என்றார் தந்தையார். யாம் ஒருநாள் தவணை வேண்டினோம்.

பெட்ரோல் எரிந்து பிறக்கும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கே வண்டியை ஓட்டப் பயன்படுகிறது. எஞ்சியதில் ஒரு பகுதி புகையோடு போம்; மற்றொரு பகுதியைக் கூலண்ட் என்னும் நீர்க்கலவை சுமந்துசென்று ரேடியேட்டரில் காற்றுக்கு ஈகிறது. இவ்வோட்டம் எங்கே தடைப்பட்டது என்பதே எம் வினா.

மறுநாட்காலை, யந்திரம் முற்றும் ஆறியிருக்கையில், ரேடியேட்டர் மூடியைத் திறந்தோம். சூடாயிருக்கையில் திறத்தல் பேராபத்து. அழுத்தத்தால் 100 டிகிரியைக் கடந்தும் கொதியாது அடங்கிய நீர், மூடி நெகிழ்ந்த கணமே ஆவியாய்ச் சீறி முகத்தை வேகச்செய்யும். நீர் குறையவில்லை; ஒழுகிய சுவடுமில்லை. அளவுகோலை உருவிப் பார்த்தோம். எண்ணெயில் நீர் கலந்தால் தோன்றும் பால்நிறம் இல்லை. யந்திரத்தைக் கிளப்பியபோது நீரில் குமிழி எழவில்லை, வெண்புகையும் காணோம். ஹெட் காஸ்கெட்டின்மேல் சாட்டிய குற்றத்திற்குச் சான்று கிடைத்திலது. மூடியை இட்டுச் சூடேறவிட்டோம். ரேடியேட்டரின் மேற்குழாயும் கீழ்க்குழாயும் ஒருங்கே சூடாயின. ஆதலின் நீருக்கு வழிதிறக்கும் தெர்மோஸ்டாட்டும் தன் கடமையில் வழுவவில்லை.

நெடுஞ்சாலையில் விரையுங்கால் கொதியாத வண்டி நிற்குங்கால் கொதிப்பானேன்? ஓடும் வண்டிக்குக் காற்றுத் தானே வரும். நிற்கும் வண்டிக்கு விசிறியே தரவேண்டும். அளவுமுள் உயர்ந்தும் எம் விசிறி அசையவில்லை. யந்திரத்தை நிறுத்தி, விசிறியைப் பேட்டரியோடு நேரே இணைத்தோம், சுழன்றது. பியூஸும் அறவில்லை. எம் வண்டியில் ஹாரனின் ரிலேயும் விசிறியின் ரிலேயும் ஒரே வகையின; அவற்றை இடம் மாற்றி மீண்டும் சூடேற்றினோம். விசிறி சுழன்றது, ஹாரன் ஊமையாயிற்று! தந்தையார் வாய்விட்டு நகைத்தார். உள்ளங்கையுள் அடங்கும் அச்சிறுபொருளின் விலை சில நூறு ரூபாயைக் கடக்கவில்லை. கல்லூரிக் கட்டணம் உரிய நாளில் செலுத்தப்பட்டது.

பட்டறையாரை இகழ்தல் எம் கருத்தன்று. எண்ணெய் பால்நிறம் கொண்டிருப்பின் அவர் கையே எமக்குப் புகலாயிருக்கும். ஆயினும், எதை மாற்றுவது என்று வினவுமுன் எப்போது கொதிக்கிறது என்று வினவுதல் எவர்க்கும் எளிது. அதற்குப் பொருள் வேண்டா. யந்திரம் ஆறுமளவும் காத்திருக்கும் பொறுமை வேண்டும்.