அப்பா பற்ற வைத்த இரும்பு

டாங்க் என்றதும் மொட்டை மாடித் தண்ணீர் டாங்க் பற்றி எழுதப் போகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். நான் சொல்வது பீரங்கி வைத்த யுத்த டாங்க். குடும்பத் தலைவிக்கு அதில் என்ன வேலை என்கிறீர்களா? சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது புனேயில். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் பிள்ளை ஒரு நாள், "அம்மா, ராணுவத்துல சேர என்.டி.ஏ. பரீட்சை எழுதப் போறேன்" என்றான். எனக்கு இருப்பது ஒரே பிள்ளை. அடிவயிறு கலங்கிவிட்டது. "நான் உசிரோட இருக்கிறவரைக்கும் அந்தப் பேச்சே வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் புகுந்துகொண்டேன். ஒரு மாதம் இருவருக்கும் சரியான பேச்சு இல்லை.

அப்போது ஆவடியிலிருந்து அப்பா வந்திருந்தார். எண்பது வயது. 1966 முதல் ஓய்வு பெறும்வரை அங்குள்ள கனரக வாகனத் தொழிற்சாலையில் வெல்டர். பேரனுக்கு அவர் புத்தி சொல்வார் என்று நம்பினேன். அவரோ, "அகமத்நகர்ல டாங்க் மியூசியம் இருக்காமே, எல்லாருமா ஒரு நடை போயிட்டு வருவோம்" என்றார்! இப்போது அந்த ஊருக்கு அகில்யாநகர் என்று பெயர். புளிசாதம், தயிர்சாதம் கட்டிக்கொண்டு கிளம்பினோம். சுமார் 120 கிலோமீட்டர்.

1994-ல் திறந்த மியூசியம். மரங்களுக்கு நடுவே வரிசையாக டாங்குகள். ரோல்ஸ்ராய்ஸ் கவச கார்கூட இருக்கிறது. பாட்டன் டாங்கைக் காட்டி, "1965 யுத்தத்துல பஞ்சாப்ல அசல் உத்தர்னு ஒரு ஊரு. வயல்ல தண்ணியைத் திறந்துவிட்டு, சேத்துல சிக்க வச்சது இந்த ஜாதி டாங்கைத்தாம்மா" என்றான் பிள்ளை. ஒரு மாதத்துக்குப் பிறகு என்னிடம் அவ்வளவு பேசியது அன்றுதான்.

விஜயந்தா டாங்கின் முன் அப்பா நின்றுவிட்டார். முதல் வண்டி 1965-ல் ஆவடியில் உருவானது, 39 டன் எடை, 105 மில்லிமீட்டர் பீரங்கி என்று பிள்ளை அடுக்கினான். அப்பா காதில் வாங்கவில்லை. இரும்புத் தகடுகள் சேரும் ஓரத்தை, நான் ரவிக்கைத் தையலைப் பார்ப்பது போல, விரலால் தடவிக்கொண்டே போனார்.

"இதுக்குள்ள நாலு பேரும்மா. முன்னால டிரைவர். மேலே கமாண்டர், கன்னர், குண்டு எடுத்துப் போடற லோடர்."

பிள்ளை அருண் கேத்தர்பாலைப் பற்றிச் சொன்னான். 1971, டிசம்பர் 16. பசந்தர் போர். டாங்க் தீப்பற்றியதும் வெளியே வரச் சொன்னார்களாம். பீரங்கி இன்னும் வேலை செய்கிறது என்று சொல்லி இறங்க மறுத்துவிட்டானாம் அந்தப் பையன். வயது 21. மறுநாளே போர் நிறுத்தம். அவனுடைய டாங்கையும் இதே ஊரில்தான் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். ஒரே ஒரு நாள்! பெற்றவள் மனம் என்ன பாடுபட்டிருக்கும்? எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அப்பா மெதுவாகச் சொன்னார்: "அவன் இருந்தது சென்சூரியன் டாங்க், நம்ம ஆவடி வண்டி இல்லை. ஆனா நான் பத்த வச்ச வண்டியிலயும் அந்த வயசுப் பசங்கதானே உட்கார்ந்திருப்பாங்க? ஒரு இடத்துல வெல்டு விட்டுப்போச்சுன்னா எந்தத் தாய்க்கு நான் பதில் சொல்றதுன்னு நினைச்சுக்கிட்டேதான் வேலை பார்ப்பேன். அந்தச் சம்பளத்துலதான் நீ படிச்சே. ஊரார் பிள்ளை உட்காரலாம், என் பேரன் கூடாதுன்னு என்னால சொல்ல வாய் வரலே. நீ பெத்தவ, நீ சொல்லலாம். ஆனா, சொல்லிட்டு அடுப்படிக்குள்ள ஓடாதே. அவனோட உட்கார்ந்து பேசு."

அத்தனை வருஷமும் அப்பா வேலைக்குப் போனார், வந்தார் என்பது மட்டுந்தான் எனக்குத் தெரியும். என்ன சுமந்துகொண்டு வந்தார் என்பது அன்றுதான் தெரிந்தது.

இரவு தோசை வார்த்துக்கொண்டே, "அந்தப் பரீட்சைக்கு என்னடா படிக்கணும்?" என்று கேட்டேன். அடுப்பு மேடை மேல் ஏறி உட்கார்ந்தவன், பதினோரு மணி வரை பேசினான். அவன் எழுதட்டும் என்று சொல்லிவிட்டேன்.

பயம் போய்விட்டதா என்கிறீர்களா? இல்லை. அது போகாது. ஆனால், அதை என் பிள்ளையின் எதிரே உட்கார்ந்து சொல்ல இப்போது எனக்குத் தெரிகிறது.