கானைத் தாண்டின செடி

முதல் பூ வாடிய அன்றைக்கே நாங்கள் அதன் தண்டை வெட்டிவிட்டோம். ரோசாவுக்கு அப்படித்தானே செய்வோம், வாடினதைக் கிள்ளினால்தான் அடுத்தது வரும் என்று. பங்களாத் தோட்டத்தில் வேலை பார்க்கும் மாமாதான் அந்தச் செடியைச் சேம்பிலையில் சுற்றிக் கொண்டுவந்து தந்தவர். வெட்டின இடத்தைப் பார்த்துவிட்டு, "அடப் பாவிகளா, அதோட புள்ளையத்தான வெட்டிப்புட்டீங்க" என்றார். எங்களுக்கு விளங்கவில்லை. இலையை வெட்டினால் பிள்ளை எப்படிப் போகும்?

அது இலை இல்லை, தண்டு. வாக்கிங் ஐரிஸ் முதலில் ஏமாற்றுவது அங்கேதான். விசிறி மாதிரி விரிந்து நிற்கும் வாள் இலைகளுக்கு நடுவே பூத்தண்டும் இலை போலவே தட்டையாக எழும்பும். நுனிக்குச் சற்றுக் கீழே, இலையைக் கிழித்துக்கொண்டு வந்ததுபோல மொட்டு வரும். பூ முடிந்தபிறகு அதே இடத்தில் ஒரு குட்டிச் செடி முளைக்கும். குட்டி பெருக்கப் பெருக்க பாரம் தாங்காமல் தண்டு வளையும், வளைந்து மண்ணைத் தொடும், தொட்ட இடத்தில் வேர் பிடிக்கும். பிறகு அந்தக் குட்டிக்கு ஒரு தண்டு வரும், அது இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் விழும். இப்படி ஒவ்வொரு தலைமுறையும் ஓர் எட்டு வைப்பதால்தான் அந்தப் பெயர். சொந்த ஊர் பிரேசில். 1928இல் தாவரவியலாளர்கள் நியோமரிக்கா என்று பெயர் வைத்தார்கள். இப்போது அதை டிரிமீசியா என்ற இன்னொரு பேரினத்துக்குள் சேர்த்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் 'நடக்குற பூ'. அது மாறவில்லை.

பூவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெளியே மூன்று வெள்ளை இதழ். உள்ளே சின்னதாக மூன்று நீல இதழ், நுனி சுருண்டு, அடியில் தவிட்டு நிறக் கோடுகளோடு. காலையில் விரிந்தால் பொழுது சாயும்போது சுருங்கிவிடும். மறுநாள் அந்தப் பூ இல்லை. ஒரே தண்டில் சில நாள் இடைவெளி விட்டு அடுத்தடுத்துப் பூக்கும் என்பதுதான் ஆறுதல். இதில் ஒரு வேடிக்கை, ஏதோ பேசி வைத்த மாதிரி எல்லாச் செடியும் ஒரே நாளில் பூக்கும். அன்றைக்கு லயத்து வாசலே வேறு மாதிரி இருக்கும்.

அம்மா அதைப் பார்த்ததில்லை. விடிஞ்சதும் பிரட்டுக்குப் போக வேண்டும், அப்போது மொட்டு இன்னும் கட்டியாக இருக்கும். கொழுந்து நிறுத்துவிட்டு வருகிறபோது பூ முறுக்கின துணி மாதிரி தொங்கும். "இதுக்கா இந்தக் கூத்து" என்பார். ஃபோனில் படம் எடுத்துக் காட்டினோம். பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்று அரிசி களையப் போய்விட்டார். ஒரு நாள் நின்று பாருங்கள் என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. ஒரு நாள் நின்றால் ஒரு பேர் போச்சு. ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துப் பூக்கச் சொல்லிச் செடியிடம் கேட்கவும் முடியாது.

வளர்ப்பது கஷ்டமில்லை, கெடுப்பதும் சுலபம். பொல்பிட்டியவில் மழைக்குப் பஞ்சமா? மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் சேர்ந்து களனி கங்கையாகிற பக்கம் இது. வைகாசி ஆனி வந்தால் துவைத்த உடுப்பு ஒரு கிழமைக்குக் காயாது. ஈரம் இந்தச் செடிக்குப் பிடிக்கும், தேங்கின தண்ணீர் பிடிக்காது. முதல் வருசம் இரண்டு கிழங்கு அழுகிப் போனது அதனால்தான். பிறகு மண்ணில் பாதிக்குப் பாதி ஆற்று மணலும் தும்புத்தூளும் கலந்தோம், பிடித்துக்கொண்டது. உச்சி வெயில் பட்டால் இலை நுனி கருகும், முழு நிழலில் வைத்தால் இலை மட்டும் செழித்துப் பூக்காது. காலை வெயில் போதும். ஒரு விசிறியில் 12 இலை வந்தால்தான் பூக்கும் என்று ஒரு பேச்சு உண்டு, அதனால் அப்போஸ்தலர் செடி என்றும் சொல்கிறார்கள். நாங்கள் எண்ணினோம். ஒன்பதிலேயே ஒன்று பூத்துவிட்டது. பேதுருவும் இரண்டு பேரும் லீவு போல.

குட்டியை எடுக்கத்தான் பொறுமை வேண்டும். தண்டை வெட்டாமல், குட்டி இருக்கிற இடத்துக்குக் கீழே மண் நிரப்பின மாஜரின் டப்பாவை வைத்து, கொண்டை ஊசியால் மண்ணோடு சேர்த்து அமுக்கிவிட வேண்டும். தாயிடமிருந்து சாப்பாடு வந்துகொண்டே இருக்கும். சில கிழமை கழித்து மெதுவாக இழுத்துப் பார்த்தால் மண்ணைப் பிடித்துக்கொண்டு வர மறுக்கும். அப்போது வெட்டலாம். அவசரம் என்றால் அடியில் வேர் முனைகள் தெரிகிற குட்டியாகப் பார்த்து வெட்டித் தண்ணீர்ப் போத்தலில் நிற்கவைக்கலாம். பெரிய கொத்தைக் கிழங்கோடு பிரித்தும் நடலாம். எப்படி எடுத்தாலும் பிள்ளை தாயின் அச்சுத்தான். வீபீ தேயிலை மாதிரி என்று அப்பா சொன்னபோதுதான் எங்களுக்கே உறைத்தது. நல்ல மரம் ஒன்றிலிருந்து ஓர் இலையும் ஒரு கணுவுமாக வெட்டி, பொலித்தீன் பையில் வேர் பிடிக்கவைத்து, மலை முழுக்க அதையே நடுவது. தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் 2025 என்ற ரகத்தை அப்பா நம்பரைச் சொல்லியே கூப்பிடுவார், ஏதோ சொந்தக்காரன் மாதிரி.

இதெல்லாம் நடந்தது லயத்து இஸ்தோப்புக்கும் கானுக்கும் நடுவில் இருக்கிற ஆறடி மண்ணில். கானுக்கு அந்தப் பக்கம் அடுத்த லயத்து மாமியின் கீரைப்பாத்தி. அந்த மாமியோடு எங்கள் வீடு நாலு வருசமாகப் பேச்சில்லை. காரணம் கான் வரம்பு. அது யாருடையது என்று அம்மாயி உயிரோடு இருந்தபோது தொடங்கின சண்டை. சத்தியமாகச் சொல்கிறோம், அந்த வரம்புக்கு எங்களிடமும் உறுதி இல்லை, அவர்களிடமும் இல்லை. வீட்டுக்கே இல்லை. 7 பேர்ச்சஸ் என்றார்கள், பிறகு 10 பேர்ச்சஸ் என்றார்கள். 10 பேர்ச்சஸ் என்றால் 2722 சதுர அடி என்று நாங்கள் ஃபோனில் கணக்குப் போட்டு அம்மாவிடம் சொன்னதோடு சரி. 2023இல் மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஆட்கள் நடந்துபோனபோது அம்மாவும் நியூஸ் பார்த்தார். "நடந்தாவது ஒரு துண்டு நெலம் கெடைக்கட்டும்" என்றார். எங்களைவிட அந்தச் செடிக்கு ராசி. அது விழுந்த இடத்தில் அது பாட்டுக்கு வேர் விடும், யாரிடமும் கேட்பதில்லை.

போன வருசம் ஆனி மழையில் லயத்துக்குப் பின்னால் மண் வெடித்திருக்கிறது என்று எல்லோரையும் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொன்னார்கள். அம்மா பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை எல்லாம் இருக்கிற பையை எடுத்தார். அப்பா ரேடியோவை எடுத்தார், ஏனென்று இன்னமும் தெரியாது. நாங்கள் புத்தகப் பையோடு ஓடினோம். செடி ஞாபகமே வரவில்லை. ஆறு நாள் கழித்து வந்து பார்த்தால் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் மேல் வரம்பு சரிந்து ஆறடியும் சேறு. டப்பாக்கள், தாய்ச்செடி, எல்லாம் உள்ளே. தோண்டிப் பார்த்தோம், கிழங்கெல்லாம் அழுகல். தங்கச்சி அழுதாள். நான் அழவில்லை என்று எழுதினால் அவள் இதை வாசித்துவிட்டுச் சிரிப்பாள்.

ஆடி முடியும்போது கானுக்கு அந்தப் பக்கம், கீரைப்பாத்தியின் ஓரத்தில், விசிறி மாதிரி நாலு இலை. ஒரு தண்டு எப்போதோ கானைத் தாண்டி விழுந்து வேர் பிடித்திருக்கிறது. அதைச் சுற்றிக் களை பிடுங்கியிருந்தது. குச்சி நட்டு முட்டும் கொடுத்திருந்தது.

போய்க் கேட்கலாமா வேண்டாமா என்று நாங்கள் இரண்டு நாள் பேசினோம். கடைசியில் போனோம். மாமி சிரிக்கவில்லை. "குட்டி போடட்டும், தாரேன். தாய குடுக்க மாட்டேன்" என்றார். நியாயம்தான். அவர் சொன்ன மாதிரியே மாசியில் ஒரு மாஜரின் டப்பா எங்கள் இஸ்தோப்பில் இருந்தது, கொண்டை ஊசியோடு. நாங்கள் செய்ததை அந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

எங்களுடையது இன்னும் பூக்கவில்லை. மாமியுடையது பூக்கிறது. அவர் வேலையிலிருந்து நின்று பென்சன் எடுத்தவர், பகலெல்லாம் வீட்டில்தான். சாயந்தரம் அம்மா கொழுந்துக்கூடையோடு கான் பக்கம் வரும்போது நின்று சொல்கிறார்: "இன்னைக்கு மூணு பூ. ஒண்ணுல நீலம் கொஞ்சம் கம்மி." அம்மா கூடையை இறக்காமலே நின்று கேட்கிறார்.