காற்றே மீகாமன்

கடலிற் செல்லும் கப்பலுக்குச் சுக்கான் உண்டு. பாய்ந்தோடும் குதிரைக்குக் கடிவாளம் உண்டு. வெப்பக் காற்றினால் எழும் பலூனுக்கோ இவை எவையும் இல்லை. அதனை மேலே ஏற்றலாம், கீழே இறக்கலாம். திசையைத் தருவது காற்றே. அத்தகைய ஊர்தியை உடையோர் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் ஒரே நகரை நாடி வருகின்றனர். அந்நகர் ஐக்கிய அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோ மாநிலத்திலுள்ள அல்புகேர்க்கி.

பலூனின் வரலாறு பிரான்சிலே தொடங்குகிறது. காகிதம் செய்யும் குடும்பத்திற் பிறந்த மொங்கொல்பியர் சகோதரர், 1783ஆம் ஆண்டு யூன் மாதத்தில் பலரறிய ஒரு பலூனை வானில் ஏற்றினர். செப்டெம்பரில் ஓர் ஆடும், ஒரு வாத்தும், ஒரு சேவலும் மேலே சென்று உயிருடன் மீண்டன. நவெம்பரில் மனிதர் இருவர் பாரிஸ் நகரின் மேலே பறந்தனர். சூடேறிய காற்று விரிந்து இலேசாகும். சூழவுள்ள குளிர்ந்த காற்று அதனை மேலே தள்ளும். தத்துவம் இவ்வளவே. நெடுங்காலம் மங்கியிருந்த இக்கலை, 1960இல் எட் யோஸ்ற் என்னும் அமெரிக்கர் புரொப்பேன் வாயுவை எரித்துப் பறந்தபின் மறுமலர்ச்சி பெற்றது.

அல்புகேர்க்கி விழா 1972 ஏப்ரிலில், உள்ளூர் வானொலி நிலையமொன்றின் 50ஆவது ஆண்டு நிறைவை ஒட்டி, அங்காடித் தொகுதியொன்றின் வாகனத் தரிப்பிடத்தில் 13 பலூன்களுடன் ஆரம்பமாயிற்று. 2000ஆம் ஆண்டில் பதிவான பலூன்கள் ஆயிரத்தைத் தாண்டின. இப்பொழுது ஒக்டோபரில் ஒன்பது நாள் விழாவாக நடைபெறுகிறது.

இவ்விடத்தின் சிறப்பு யாது? கிழக்கே சந்தியா மலைத்தொடர் நிற்கிறது. ரியோ கிராண்டே ஆறு வடக்கிலிருந்து தெற்கே பாய்கிறது. இலையுதிர்காலத்துக் காலைவேளைகளிற் குளிர்ந்த காற்று ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியே தெற்கு நோக்கி இறங்கும். அதற்கு மேலே வீசும் காற்றோ பல நாட்களில் வடக்கு நோக்கிச் செல்லும். தாழப் பறந்து தெற்கே போனவர், உயர எழுந்து வடக்கே திரும்பிப் புறப்பட்ட இடத்திற்கு அருகிலேயே இறங்கலாம். இவ்விந்தையை ‘அல்புகேர்க்கிப் பெட்டி’ என்பர்.

விடியுமுன் அவ்வெளியில் நிற்போமாயின், சில பலூன்கள் இருளில் விளக்கேற்றிய கூடுகள்போல முதலில் எழுவதைக் காண்போம். அவை செல்லும் திசையைப் பார்த்தே ஏனையோர் காற்றின் போக்கை அறிவர். பின்னர், கதிரவன் எழ, கருப்பு வெள்ளை வரியுடை அணிந்த நெறியாளர் கையசைக்க, அணியணியாகப் பலூன்கள் வானை நிறைக்கும்.

அழகோடு ஆபத்தும் உண்டு. 1982ஆம் ஆண்டு விழாவில் நிகழ்ந்த பலூன் விபத்தொன்றில் நால்வர் உயிரிழந்தனர். ஆதலின் பச்சைக் கொடி ஏறினாலன்றி எவரும் பறப்பதில்லை. பல்லாயிரவர் அண்ணாந்து காத்திருக்க, சிவப்புக் கொடி கண்டு துணியைச் சுருட்டி வைக்கும் பலூனோட்டியின் மனத்திடமும் இவ்விழாவில் நாம் காணத்தக்க காட்சியே.