தலைக்கு வந்தது தலையோட நிக்குமா?

நுரையீரல்ல வர்ற புற்றுநோய் மூளைக்குப் பரவும். சினிமா பார்க்கிறவங்களுக்கே தெரியும். ரிவர்ஸ்ல? மூளையில பிறந்த கட்டி கழுத்துக்கு இறங்குமா? யோசிச்சிருக்கீங்களா பாஸ்? எங்க திசையன்விளை மாமா கழுத்துல நெல்லிக்காய் சைஸ்ல ஒரு வீக்கம் வர்ற வரைக்கும் எங்க வீட்லயும் யாரும் யோசிக்கலை.

எட்டு மாசம் முன்னாடிதான் மாமாவுக்கு மூளையில ஆபரேஷன். அப்புறம் ரேடியேஷன். வியாதி பேரு கிளியோபிளாஸ்டோமா. மூளைக் கட்டிகள்லயே மகா முரடு.

"நெறி கட்டியிருக்கு, சளியாத்தான் இருக்கும்"னு மாத்திரை எழுதினார் முதல்ல பார்த்த டாக்டர். அவரையும் ரொம்பக் கோவிச்சுக்க முடியாது. இந்தக் கட்டி மண்டையைத் தாண்டி வெளியே வர்றது நூத்துல ரெண்டு பேருக்கும் குறைவு. ஆனா, 1928லேயே டேவிஸ்ங்கிற அமெரிக்க டாக்டர் இதை எழுதி வெச்சிருக்கார்!

ஏன் இவ்வளவு அபூர்வம்? மூளையைச் சுத்தி டியூரான்னு கெட்டியான ஒரு உறை. ஆபரேஷன்ல அதைத் திறக்கிறப்போ செல்கள் நழுவலாம். ஆபரேஷனே செய்யாதவங்களுக்கும் பரவியிருக்கு. மூளைக்கு நிணநீர்க் குழாயே கிடையாதுன்னு வேற நம்பிட்டு இருந்தாங்க. 2015ல வர்ஜீனியா பல்கலைக்கழகத்துல ஜோனதன் கிப்னிஸ் குழு, எலியோட மூளை உறையில அந்தக் குழாய்களைக் காட்டிடுச்சு.

இன்னொரு காவல்காரன், நம்ம எதிர்ப்பு சக்தி. இந்தக் கட்டியால இறந்தவரோட உறுப்பைப் பொருத்திக்கிட்ட சிலருக்கு, அதே கட்டி புது உடம்புல வளர்ந்திருக்கு. எதிர்ப்பு சக்தியை அடக்குற மருந்து சாப்பிடுறவங்க இல்லையா, அவங்க?

எல்லாத்தையும் விடக் கசப்பான காரணம்... நேரம். சிகிச்சை எடுத்தாலும் பாதிப் பேர் ஒண்ணேகால் வருஷத்தைத் தாண்டுறதில்லை. கட்டி ஊர் சுத்தக் கிளம்புறதுக்குள்ள ஆளே போயிடுறார்.

"ஏலே மக்கா, தலைல உள்ளது கழுத்துக்கு எப்படிலே வந்துச்சு?"ன்னு அத்தை கேட்டுக்கிட்டே இருந்தாங்க. பழைய ஃபைலைத் தூக்கிக்கிட்டு திருநெல்வேலி பஸ் ஏறினோம். அந்த ஃபைல்தான் உதவிச்சு. கழுத்துல ஊசி போட்டு எடுத்த செல்லைப் பார்க்கிறவருக்கு, 'முன்னாடி மூளையில ஆபரேஷன்'னு சொன்னாத்தான் ஜிஎஃப்ஏபிங்கிற மூளைப் புரதம் இருக்கான்னு தேடத் தோணும். தேடினாங்க. இருந்துச்சு.

கழுத்துக்கும் ரேடியேஷன் கொடுத்தாங்க. வீக்கம் வடிஞ்சுது. தேரிக்காட்டுப் பக்கம் பைக்குல கூட்டிட்டுப் போகச் சொன்னார் மாமா. போனோம். அதுக்கப்புறம் மூணு மாசம் இருந்தார்.