ஒரு கிண்ணம் அன்னாசி

துப்பறியும் கதைகளில் ஊறிய வாசகர்களுக்கு ஒரு விசித்திரமான நம்பிக்கை உண்டு: மேஜைமேல் ஒரு பொருள் கிடந்தால் அது ஏதோ ஒரு முகாந்திரத்தோடுதான் கிடக்க வேண்டும் என்பது. கதையில் அது வாஸ்தவமே. ஆசிரியன் வைக்காத பொருள் அங்கே இராது. குடித்தனம் நடக்கும் வீட்டிலோ, யாரோ தின்று வைத்த மீதியும், சாத்தாமல் விட்ட ஜன்னலும் யாதொரு உத்தேசமுமின்றிக் கிடக்கின்றன. 1996 டிசம்பர் 26 அன்று, அமெரிக்காவின் கொலராடோ மாகாணத்துப் போல்டர் நகரில், ஜான்பெனே ராம்ஸி என்னும் ஆறு வயதுச் சிறுமி தன் வீட்டு நிலவறையிலேயே பிரேதமாகக் கண்டெடுக்கப்பட்ட நாள்தொட்டு, அவ்வீட்டுச் சாமான்களை வைத்து ஊதியமில்லாத் துப்பறிவாளர்கள் கட்டியெழுப்பிய சித்தாந்தங்களைப் படிக்குந்தோறும் எனக்கு இந்த வேற்றுமையே நினைவுக்கு வருகிறது.

சாப்பாட்டு மேஜைமேலிருந்த அன்னாசிப் பழக் கிண்ணத்தையே பாருங்கள். உள்ளே பெரிய கரண்டி ஒன்று. கிண்ணத்தின்மேல் தாயின் கைரேகையும் ஒன்பது வயதுத் தமையனின் கைரேகையும். பிரேத பரிசோதனையில் குழந்தையின் சிறுகுடலில் அன்னாசி போன்ற துணுக்குகள் தென்பட்டன. அன்றிரவு தாங்கள் அதைக் கொடுக்கவில்லை என்றனர் பெற்றோர். விஷயம் இவ்வளவுதான். இதைக்கொண்டு ஒருவர் தமையனைக் குற்றவாளியாக்குகிறார். இன்னொருவர் தாய் பொய் சொன்னாள் என்று சாதிக்கிறார். மூன்றாமவரோ, குழந்தைக்குப் பழக்கமான வெளியார் யாரோ ஊட்டியிருக்க வேண்டும் என்கிறார். மூன்று கட்சிக்கும் ஒரே கிண்ணம் சாட்சி சொல்லுமானால், அது எந்தக் கட்சிக்கும் சாட்சியல்ல என்று தள்ளுவதுதானே நியாயம்?

வீட்டிலிருந்த குறிப்பேட்டுத் தாளிலேயே எழுதப்பட்ட, இரண்டரைப் பக்கம் நீண்ட மிரட்டல் கடிதத்தின் கதியும் இதுதான். அதில் கேட்டிருந்தது 1,18,000 டாலர். தந்தைக்குக் கிடைத்திருந்த போனஸ் ஏறக்குறைய அதே தொகை; ஆகையால் வீட்டு வரவு அறிந்தவன் வேலை இது என்பர் ஒரு சாரார். பைபிளின் 118ஆம் சங்கீதத்தைச் சுட்டுகிறது என்பர் மற்றொரு சாரார். (எண்ணைக் கண்டால் மனிதனுக்கு எங்கிருந்துதான் இத்தனை கற்பனை பிறக்கிறதோ!)

இவர்களுடைய சாமர்த்தியத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அன்று காலை, வீடு முழுமையாகக் காவலுக்குள் வருமுன்பே, ஆறுதல் சொல்ல வந்த சிநேகிதர்கள் அறைக்கு அறை நடமாடினார்கள். பிற்பகலில், வீட்டைப் பார்த்து வரும்படி போலீசாரே சொல்லப் போய், தந்தையே பிரேதத்தைக் கண்டு மேலே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். தடயங்கள் அன்றே கலைந்துபோயின. கலைந்ததை இனி எந்த மேதையின் ஊகமும் மீட்டுத் தராது.

குற்றத்தை ஒப்புக்கொண்டவனின் வாக்குமூலமே பொய்த்த வழக்கு இது. 2006இல் பாங்காக்கில் பிடிபட்ட ஓர் அமெரிக்கர், குழந்தை இறக்கும்போது தான் உடனிருந்ததாகச் சொன்னார், அவருடைய டி.என்.ஏ. பொருந்தவில்லை, விட்டுவிட்டார்கள். 2008இல் அந்த வட்டாரத்து அரசாங்க வக்கீல், டி.என்.ஏ. சோதனையை ஆதாரமாகக் காட்டி, குடும்பத்தாரைச் சந்தேகத்திலிருந்து விடுவித்துக் கடிதம் எழுதினார். அதற்குப் பிறகும், 2016இல் ஒரு தொலைக்காட்சித் தொடர் தமையன்மேலேயே பழியைச் சாய்த்தது; அவர் மானநஷ்ட வழக்குப் போட்டார்; 2019இல் அது சமரசத்தில் முடிந்தது.

பத்திரப்படுத்திய பொருள்களைப் புதிய டி.என்.ஏ. முறைகளால் மறுபடி சோதிக்கவேண்டும் என்று தந்தை பல ஆண்டுகளாகக் கேட்டு வந்திருக்கிறார். ஊகங்கள் அத்தனையையும்விட இந்த ஒரு கோரிக்கையே எனக்கு உசிதமாகப் படுகிறது. கொலைக்காக இதுவரை எவரும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படவில்லை.