உறவுமுறை யாது?

சான்றின்றி வரலாறு இல்லை. கல்வெட்டு, செப்பேடு, நாணயம் என்று வகுப்பறையில் வரிசைப்படுத்திப் படிக்கிறோம். மன்னர்களின் வாழ்வுக்குச் சான்று கிடைத்துவிடுகிறது. ஒரே கூரையின்கீழ் உண்டு, உறங்கி, நோயில் ஒருவருக்கொருவர் துணையாயிருந்த எளிய இருவரின் வாழ்வுக்குச் சான்று எது? கணவன் மனைவியாயின் திருமணப் பதிவுச் சான்றிதழ் ஒன்று போதும். அவ்விருவரும் பெண்களாயின்?

காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையை அடுத்த எங்கள் வீட்டு மாடியில் இரு பெண்கள் மூன்றாண்டுகள் குடியிருந்தனர். ஒருவருக்குப் பகல் ஷிப்டு என்றால் மற்றவருக்கு இரவு ஷிப்டு. அக்காள் தங்கை பிள்ளைகள் என்று சொல்லித்தான் குடிவந்தனர். வேறு எப்படிச் சொல்லியிருந்தாலும் எங்கள் தெருவில் வீடு கிடைத்திராது. நாங்களும் அவர்களைப் பெரியக்கா, சின்னக்கா என்றே அழைத்தோம்.

பெரியக்கா பின்னர் மேற்படிப்புக்காகக் கனடா சென்று, அங்கேயே வேலையும் நிரந்தரமாய்த் தங்கும் உரிமையும் பெற்றார். சின்னக்காவைத் தம் வாழ்க்கைத் துணையாக அழைத்துக்கொள்ள முனைந்தபோதுதான் எங்களுக்கு உண்மை தெரிந்தது.

ஒருபால் உறவு குற்றமன்று என்று 2018 செப்டம்பர் 6-இல் நம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் 2023 அக்டோபர் 17-இல், திருமண உரிமையை வழங்க மறுத்து, அது சட்டமன்றங்களின் பொறுப்பு என்றது. ஆகவே இங்கே சான்றிதழ் இல்லை. கனடாவின் சட்டமோ மணம் புரியாத இணையரையும் ஏற்கிறது; ஓராண்டேனும் இணையராய்ச் சேர்ந்து வாழ்ந்ததை மெய்ப்பிக்க வேண்டும். கூட்டு வங்கிக் கணக்கு, இருவர் பெயரிலும் வாடகை ஒப்பந்தம், காப்பீட்டில் வாரிசு நியமனம், ஒரே முகவரிக்கு வந்த கடிதங்கள் ஆகியவையே அங்கே செப்பேடுகள்.

சின்னக்கா பெட்டியைக் கவிழ்த்துத் தேடினார். வாடகை ஒப்பந்தம் பெரியக்கா பெயரில் மட்டும். ஆயுள் காப்பீட்டில் வாரிசு, அண்ணன். டைபாய்டு காய்ச்சலில் சின்னக்கா பத்து நாள் கிடந்தபோது, பெரியக்காதான் வேலைக்குப் போகாமல் உடனிருந்தார். மருத்துவமனைச் சீட்டிலோ உறவுமுறை ‘சகோதரி’! அன்று காத்த பொய், இன்று எதிர்ச்சாட்சியாய் நின்றது.

1975-இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்துப் போல்டர் நகரில் ரிச்சர்டு ஆடம்ஸ், ஆஸ்திரேலியரான டோனி சல்லிவன் ஆகிய இரு ஆண்கள் உரிமம் பெற்றே மணந்தனர். குடியேற்றத் துறை ஏற்கவில்லை. 1982-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கைவிட்டது. ஆடம்ஸ் 2012-இல் இறந்தார். சல்லிவனுக்கு நிரந்தரக் குடியிருப்பு அட்டை கிடைத்தது 2016-இல்தான். அவர்களிடம் காகிதம் இருந்தது. ஏற்கும் சட்டம் இல்லை. எங்கள் அக்காக்களுக்கோ ஏற்கும் சட்டம் இருக்கிறது, காகிதம் இல்லை.

வீட்டுக்காரர் என்ற முறையில் என் அம்மாவிடம் ஒரு கடிதம் கேட்டனர். எட்டாம் வகுப்புவரை படித்த அம்மா மூன்று நாள் பதில் சொல்லவில்லை. “தெருவிலே நாலு பேர் என்ன சொல்லுவாங்க?” என்றார் அப்பா. நான்காம் நாள் அம்மா தாமே தாள் கேட்டார். “பார்த்ததை எழுதறேன். பார்க்காததை எழுதச் சொல்லாதே.” இரவு ஷிப்டு முடிந்து வருபவருக்காக மற்றவர் விடியுமுன் சோறாக்கி மூடிவைத்தது, ஒரே டப்பாவில் வாடகைப் பணம் சேர்த்தது, அந்தக் காய்ச்சல் நாட்கள் என ஒரு பக்கம் நிறைந்தது. ‘சகோதரிகள் என்றது வீடு கிடைப்பதற்காக’ என்ற வரியையும் அவரே சேர்த்தார். முதன்மைச் சான்று என்பதன் பொருள் எனக்கு அன்று விளங்கிற்று. ஆங்கில மொழிபெயர்ப்புடன் அனுப்பினோம். முடிவு இன்னும் வரவில்லை.

காலம் சிறிது இளகியிருக்கிறது. ஒருபால் இணையர் கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கத் தடையில்லை என்று 2024 ஆகஸ்டில் மத்திய நிதி அமைச்சகம் தெளிவுபடுத்தியது. குடும்ப அட்டைக்கும் அவர்களை ஒரே குடும்பமாகக் கருதுமாறு மாநிலங்களுக்கு அறிவுறுத்தப்பட்டது. குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியன்று என்று 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது.

நண்பர்களே! நம்மில் பலர் நாளை கிராம நிர்வாக அலுவலராகவும் வங்கி எழுத்தராகவும் மேசைக்குப் பின்னே அமர்வோம். படிவத்தில் ‘உறவுமுறை’ என்றொரு சிறு கட்டம் இருக்கும். எதிரே நிற்பவர் அதில் உண்மையை எழுத அஞ்சினால், அவர் வாழ்வின் சான்று அன்றே அழிகிறது. அந்த அச்சத்தைப் போக்குவது சட்டத்தின் வேலை மட்டுமன்று. பேனாவை நீட்டும் நம் வேலையுமாகும்.